எந்த ரோடு, எந்த விலக்கு: நெல்லைச் சீமையில் பெரிய சாலைகளைச் சொல்லும் விதம்

சென்னையிலிருந்து வேலை மாற்றலாகித் திருநெல்வேலிக்கு வந்து, கே.டி.சி. நகரில் குடியேறியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே என்.எச். 44 என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. அதே சாலையை ஒருவர் மதுரை ரோடு என்கிறார், ஒருவர் நாகர்கோவில் ரோடு என்கிறார், இன்னொருவர் ஃபோர் வே என்கிறார். பைபாஸ் என்றால் அது வேறு சாலையாம். இதில் எது சரியான பெயர்? ஊருக்கு ஊர் இப்படித்தான் மாறுமா?"

எல்லாமே சரியான பெயர்தான். நான் பாளையங்கோட்டையில் பிறந்தவன். மெடிக்கல் ரெப்பாக இருபது வருடங்களுக்கு மேல் பைக்கிலும் பஸ்ஸிலும் இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் ஓடினேன். சங்கரன்கோவிலில் காலையில் ஒரு டாக்டர், வள்ளியூரில் சாயந்திரம் ஒரு டாக்டர் என்று பிழைப்பு நடந்தது. அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. எங்கள் பக்கத்தில் சாலைக்கென்று தனியாக ஒரு பெயர் கிடையாது. அது போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் சாலையின் பெயர். அதுவும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வண்ணாரப்பேட்டையில் நின்று வடக்கே பார்த்தால் மதுரை ரோடு, தெற்கே பார்த்தால் நாகர்கோவில் ரோடு. அதே சாலையில் வள்ளியூருக்குப் போய்த் திரும்பி நின்றால் அது திருநெல்வேலி ரோடு. யாரிடமாவது "அண்ணாச்சி, இது என்ன ரோடு?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் பதில் சொல்லாமல் "எங்க போணும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். போகிற இடம் தெரியாமல் ரோட்டின் பெயரைச் சொல்வது எப்படி என்பதுதான் அவர்களுடைய சங்கடம்.

இது புதிய பழக்கம் இல்லை. தமிழில் 'ஆறு' என்ற சொல்லுக்கே வழி என்று ஒரு பொருள் உண்டு, ஆற்றுப்படை என்பதில் இருக்கும் ஆறு அதுதான். பழைய கல்வெட்டுகளில் நெடுஞ்சாலைக்குப் 'பெருவழி' என்று பெயர். தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல் தாவளம் என்ற இடத்துக்கு இத்தனை காதம் என்று சொல்கிறது. இன்றைக்கும் எங்கள் பஸ்களில் பலகையைப் பாருங்கள். தென்காசி என்று பெரிதாக எழுதி, கீழே 'வழி: ஆலங்குளம்' என்றோ 'வழி: அம்பை' (அம்பாசமுத்திரம்) என்றோ போட்டிருக்கும். "தென்காசிக்கு எந்த ரோட்டில் போகணும்?" என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. "ஆலங்குளம் வழியா, அம்பை வழியா?" என்றுதான் கேட்பார்கள்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் மாநில நெடுஞ்சாலை 40. அரசு ஆவணத்தில் அது திருச்செந்தூரில் தொடங்கி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, குற்றாலம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் ஒரே சாலை. ஆனால் பாளையங்கோட்டைக்காரர் ஒருவரிடம் போய், "உங்கள் ஊருக்குக் கிழக்கே செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி என்று போகிற சாலையும், மேற்கே பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று போகிற சாலையும் ஒன்றுதான்" என்று சொன்னால் நம்பவே மாட்டார். அவருக்குக் கிழக்கே இருப்பது திருச்செந்தூர் ரோடு. முருகனுக்குப் பச்சை வேட்டியோடு பாதயாத்திரை போகிற ரோடு. மேற்கே இருப்பது அம்பை ரோடு. ஆற்றையும் வயலையும் மலையையும் பார்த்துக்கொண்டு போகிற ரோடு. இரண்டுக்கும் எண் ஒன்றாக இருக்கலாம், மனசுக்குள் அவை இரண்டு சாலைகள். நானே பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எண்களைப் பற்றி. நீங்கள் சொல்லும் என்.எச். 44 ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை. 2010க்கு முன் இதற்கு என்.எச். 7 என்று பெயர், அப்போது அது வாரணாசியிலிருந்து வந்தது. பழைய லாரி ஓட்டுநர்கள் 'செவன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த எண் நாக்கில் ஏறி உட்காரும் முன்பே மாற்றிவிட்டார்கள். 2010இல் வந்த புதிய முறையில் வடக்கு தெற்காக ஓடும் பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை எண். இரட்டைப்படை எண்கள் கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகக் கூடும். கன்னியாகுமரிக்கு மேற்குக் கடற்கரை வழியாக வரும் சாலை 66 ஆனது அதனால்தான். மூன்று இலக்க எண் வந்தால் அது கிளைச் சாலை, கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் தாய்ச் சாலை எது என்று தெரியும். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போவது 744. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் போவது 944. இரண்டும் 44இன் பிள்ளைகள். நீங்கள் தினமும் பார்க்கும் தூத்துக்குடி ரோடு 138. திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு வரும் 38இன் கிளை அது. முன்பு அதற்கு 7ஏ என்று பெயர். அப்போது அதை 7இன் கிளையாகக் கணக்கு வைத்திருந்தார்கள்.

நல்ல முறைதான், யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த எண்கள் எங்கள் பக்கத்தில் மனை விற்பவர்களின் நோட்டீஸிலும் நிலம் எடுப்பு அறிவிப்பிலும்தான் வரும். வாயில் வராது. 'ஹைவேஸ்' என்ற சொல்லாவது புழங்குமா என்றால், அது புழங்கும், ஆனால் சாலையைக் குறிக்க இல்லை. "அவர் ஹைவேஸில் இருக்கார்" என்றால் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம்.

'ஹைரோடு' என்றால் கதை வேறு. சென்னையில் பூந்தமல்லி ஹைரோடு இருப்பதுபோல இங்கே எஸ்.என். ஹைரோடு இருக்கிறது. ரயில் நிலையப் பகுதியான ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகிற சாலை, சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலை என்பது முழுப் பெயர். நெடுஞ்சாலை என்ற சொல்லை இவ்வளவு உரிமையோடு வைத்திருக்கும் அந்தச் சாலை ஊருக்கு நடுவில், கடைகளுக்கும் தேர் பார்க்கப் போகும் கூட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஜங்ஷனும் டவுனும் தனித்தனி ஊர்கள்போல இருந்தன என்பதை அந்தப் பெயர் ஞாபகப்படுத்துகிறது.

ஊர்ப் பெயரால் சாலையைச் சொல்வதில் இன்னொரு அருமை உண்டு. நாடே மாறினாலும் பெயர் மாறாது. பாளையங்கோட்டையில் திருவனந்தபுரம் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. கடைப் பலகைகளில் இன்றும் அந்தப் பெயர்தான். புதிதாக வருபவர்கள், 'இங்கிருந்து கேரளாவுக்கு இது வழியாகவா போவார்கள்?' என்று குழம்புவார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாகர்கோவில் உள்ளிட்ட குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அதற்கும் முன்னால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. தெற்கே போகிற சாலை என்றால் அது திருவனந்தபுரத்துக்குப் போகிற சாலைதான். எல்லைக்கோடு நகர்ந்து இத்தனை வருடம் ஆன பிறகும் சாலை அந்தப் பெயரோடு இருக்கிறது. பாடப் புத்தகத்தில் படித்ததைவிட இந்த வரலாறு எனக்கு அந்த ஒரு பெயர்ப் பலகையில்தான் உறைத்தது. நகருக்கு வெளியே வந்துவிட்டால் அதே திசைச் சாலை நாகர்கோவில் ரோடு ஆகிவிடும். பேச்சில் 'நாரோயில் ரோடு'. எண் கன்னியாகுமரியில் முடிந்தாலும், எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அதைக் கன்னியாகுமரி ரோடு என்று சொல்ல மாட்டார்கள். வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது நாகர்கோவிலுக்குத்தானே.

இதேபோலப் பழசைச் சுமக்கும் இன்னொரு பெயர் மங்கம்மாள் சாலை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் தெற்கே போட்ட சாலைகளையும், வைத்த மரங்களையும், கட்டிய சத்திரங்களையும் பற்றி இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். தென்காசியில் அவர் பெயரிலேயே சாலை உண்டு. 'சாலை' என்ற சொல்லுக்கே பழைய அகராதிகளில் இருபுறமும் மரம் நிற்கும் வழி என்று ஒரு பொருள் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இன்றைய நான்கு வழிச்சாலையைச் சாலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கங்கைகொண்டானிலிருந்து கயத்தாறு வரைக்கும் பழைய ரோட்டில் புளிய மரங்கள் நின்ற காலத்தில் பைக்கில் போனவன் நான். மரங்கள் போன இடத்தில் இப்போது நடுவில் அரளிச் செடி வைத்திருக்கிறார்கள். வேகம் கிடைத்தது உண்மை, நிழல் போனதும் உண்மை.

இப்போது ஃபோர் வேக்கும் பைபாஸுக்கும் வருவோம். வெளியூர்க்காரர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். பத்திரிகைகளில் 'நான்கு வழிச்சாலை' என்று எழுதுவார்கள். பேச்சில் 'ஃபோர் வே', இல்லையென்றால் 'நாலு வழிச்சாலை'. தாழையூத்துப் பக்கம் பழைய ரோட்டை விட்டுப் பிரிந்து, ஊருக்குக் கிழக்கே உங்கள் கே.டி.சி. நகர் வழியாக வந்து, ரெட்டியார்பட்டி மலை பக்கம் போய், பொன்னாக்குடிப் பக்கம் தெற்கே இறங்குகிறதே, அதுதான் ஃபோர் வே. சென்னைக்காரர் பார்வையில் அது பைபாஸ். ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது, அப்படியானால் பைபாஸ்தானே? ஆனால் எங்களுக்குப் பைபாஸ் என்ற பெயர் அதற்கு முன்பே வேறு சாலைக்குப் போய்விட்டது. தச்சநல்லூரிலிருந்து வண்ணாரப்பேட்டை வருவது வடக்கு பைபாஸ், வண்ணாரப்பேட்டையிலிருந்து மேலப்பாளையம் பக்கம் போவது தெற்கு பைபாஸ். போட்ட காலத்தில் அவை ஊருக்கு வெளியே இருந்தன. பிறகு ஊர் வளர்ந்து அவற்றை விழுங்கிவிட்டது. இப்போது இருபுறமும் ஓட்டல், துணிக்கடை, ஆஸ்பத்திரி. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. மதுரையிலும் இதே கதைதான். அங்கே காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போகும் சாலைக்குப் பைபாஸ் ரோடு என்று பெயர், அது ஊருக்குள்ளே கடைத்தெருவாகவே ஆகிவிட்டது. அதனால் திருநெல்வேலியில் ஒரு ஆட்டோக்காரர் 'பைபாஸ்' என்றால் வண்ணாரப்பேட்டையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாங்குநேரியிலும் வள்ளியூரிலும் பைபாஸ் என்றால் ஃபோர் வேதான். அங்கே அந்தச் சொல்லில் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. பழைய ரோடு ஊருக்குள் புகுந்து வந்த காலத்தில் எல்லா பஸ்ஸும் நின்று போகும். ஃபோர் வே வந்த பிறகு பல பஸ்கள் ஊருக்குள் வராமல் வெளியே பறந்துவிடுகின்றன. அதனால் பஸ் ஏறுமுன் கேட்கும் முதல் கேள்வி, "ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்ல போகுமா?" என்பது. கண்டக்டர் "பைபாஸ்" என்று ஒரு சொல் சொன்னால், கையில் பையோடு நிற்கும் ஆச்சி முகம் வாடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இருட்டில் பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போனால் அவர் ஊருக்குள் எப்படிப் போவார்? எனக்கு இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. ஒரு சாலைக்கு மக்கள் வைக்கும் பெயரில் அந்தச் சாலை அவர்களுக்கு என்ன செய்தது என்பதும் சேர்ந்தே இருக்கிறது.

இனி இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன்: விலக்கு.

பெரிய சாலையிலிருந்து ஒரு சிறிய சாலை பிரிந்து உள்ளூருக்குப் போகும் இடம் விலக்கு. அந்த ஊரின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். கொங்கந்தான்பாறைக்குப் பிரியும் இடம் கொங்கந்தான்பாறை விலக்கு. விலகுதல் என்பதிலிருந்து வந்த சொல், சாலை விலகிப் போகிற இடம். பஸ்ஸில் "விலக்கு எறங்கு!" என்று கண்டக்டர் சத்தம் போட்டால் அந்த வழியில் பழகினவர்கள் எழுந்துவிடுவார்கள். இந்தச் சொல் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர், மதுரை, தேனி என்று தென் மாவட்டம் முழுக்க இருக்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தின் பெயரே க.விலக்கு. கண்டமனூருக்குப் பிரியும் விலக்கு என்பது சுருங்கி, இடப் பெயராகவே நிலைத்து, காவல் நிலையத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

வடக்கே போனால் இந்தச் சொல் காணாமல் போகும். நீங்கள் சென்னையிலிருந்து வந்தவர், உங்களுக்குக் கூட்ரோடு தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் படாளம் கூட்ரோட்டைத் தாண்டாமல் தெற்கே வந்திருக்க முடியாது. அதே மாதிரி இடத்துக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் பிரிவு என்று பெயர், மேட்டுப்பாளையம் ரோட்டில் வீரபாண்டி பிரிவு இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கைகாட்டி, புளிச்சங்காடு கைகாட்டி என்பதுபோல. அந்தக் காலத்தில் வழி காட்டக் கை வரைந்த மரப்பலகை நின்ற இடம் என்பதால் வந்த பெயர். சேலத்தில் எத்தனை சாலை சேர்கிறது என்று எண்ணியே பெயர் வைத்துவிட்டார்கள், நாலு ரோடு, ஐந்து ரோடு என்று. நினைத்துப் பாருங்கள், இடம் ஒரே மாதிரி இடம்தான். தொண்டை நாட்டுக்காரர் கண்ணுக்கு அங்கே சாலைகள் கூடுகின்றன. கொங்கு நாட்டுக்காரர் கண்ணுக்குப் பிரிகின்றன. புதுக்கோட்டைக்காரருக்கு அங்கே நின்று வழி காட்டிய பலகை முக்கியம். எங்களுக்கு, பெரிய ரோடு பாட்டுக்குப் போகிறது, நம் ஊர் அதிலிருந்து விலகி உள்ளே இருக்கிறது. ஒரு மனிதர் இந்தச் சொற்களில் எதைச் சொல்கிறார் என்று கேட்டாலே அவர் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தச் சொல்லை எழுதும்போது ஒரு தப்பு நடக்கிறது. சில பலகைகளில் 'விளக்கு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில் தெருவிளக்கும் இருப்பதால் படிப்பவர்களுக்கும் சந்தேகம் வருவதில்லை. அது லகரம்தான், விலக்கு. இந்தச் சொல்லைப் பலகையில் சரியாக எழுத வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. காரணம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பொன்னாக்குடிக்குத் தெற்கே ஒரு விலக்குப் பக்கத்தில், பைக்கிலிருந்து விழுந்து கிடந்த ஒருவரைப் பார்த்து நிறுத்தினேன். தலையில் அடி. அவசர உதவிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் வடக்கத்தி மாவட்டத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் ஊரைச் சொல்லி, விலக்கு என்றேன். "விளக்குப் பக்கமா சார்? எந்த ஜங்ஷன்?" என்றார். எனக்கு ஜங்ஷன் என்றால் திருநெல்வேலி ஜங்ஷன். "ஜங்ஷன் இல்லம்மா, ஜங்ஷனிலிருந்து தெற்கே" என்றேன். அவர் ஜங்ஷன் என்று பதிந்துகொண்டார். வண்டி முதலில் ஊருக்குள் போனது. நல்ல வேளையாக அந்தப் பக்கமாக வந்த ஒரு வேன்காரர் அவரை ஏற்றிக்கொண்டார், ஆள் பிழைத்துவிட்டார். அந்தப் பெண் மேல் தப்புச் சொல்ல முடியாது, அவருக்கு அந்தச் சொல் புதிது. என் மேலும் பாதித் தப்பு உண்டு. பக்கத்தில் நின்ற கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லியிருந்தால் குழப்பமே வந்திருக்காது.

ஆகையால் எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லின் தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. சாலை எண்ணும் கிலோமீட்டரும் அதில் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் ஏதாவது ஆகிவிட்டால் 1033 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள். ஆபத்தில் எண், மற்ற நேரத்தில் ஊர்ப் பெயர் என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே பயன்படும்.

அந்த 'ஜங்ஷன்' குழப்பத்தில் இன்னொரு எல்லைக்கோடும் இருக்கிறது. திருநெல்வேலியில் ஜங்ஷன் என்பது ஒரே ஒரு இடம், ரயில் நிலையமும் அதைச் சுற்றிய கடைவீதியும். "ஜங்ஷன்ல நிக்கேன்" என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். காவல்கிணறு தாண்டி நாகர்கோவிலுக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. அங்கே நாலு ரோடு சேரும் இடமெல்லாம் ஜங்ஷன்தான், செட்டிகுளம் ஜங்ஷன், டெரிக் ஜங்ஷன் என்று. திருவனந்தபுரம் வரைக்கும் அந்தப் பழக்கம் தொடரும். மொழி தமிழாக இருந்தாலும் சாலைச் சொல் திருவிதாங்கூர்ச் சொல். எங்கள் டவுனில் தெருக்கள் கூடும் இடத்துக்கு முக்கு, வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்று. ஊருக்குள் முக்கு, ஊருக்கு வெளியே விலக்கு, ரயில் நிற்குமிடம் ஜங்ஷன். இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் பாதி ஊர் பிடிபட்டது மாதிரி.

அப்புறம் திசை. சென்னையில் இடது, வலது என்று வழி சொல்வார்கள். இங்கே கிராமத்தில் கேட்டால், "விலக்குல எறங்கி மேக்க போங்க, ஒரு கல்லு தூரம் போயி தெக்க திரும்புங்க" என்பார்கள். மேற்கே பொதிகை மலைத் தொடர் ஏறக்குறைய எங்கிருந்தும் கண்ணில் படும், ஆறு கிழக்கே ஓடும். அதனால் சின்னப் பிள்ளைக்கும் திசை தெரியும். மலை முகத்துக்கு நேரே இருந்தால் நீங்கள் மேற்கே போகிறீர்கள். முதலில் சிரமமாக இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும். பெரிய சாலையை விட்டு இறங்கிய பிறகு வழி சொல்பவர்கள் சாலையின் தரத்தையும் சேர்த்தே சொல்வார்கள். தார் ரோடு முடிந்து சரள் ரோடு, அதற்கப்புறம் வண்டித்தடம். "தார் ரோடு முடியிற இடத்துல ஒரு ஆலமரம்" என்றால் அதைவிடத் துல்லியமான விலாசம் கிடையாது.

சென்னையில் எழுத்துகளைச் சுருக்கிச் சொல்வது ஒரு பழக்கம், ஜி.எஸ்.டி., ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என்று. அங்கே ஒரு சாலையின் ஓரமாகவே தனி நகரம் எழுந்து நிற்கிறது, சாலைதான் இடத்தின் பெயர். ஓ.எம்.ஆரில் வீடு என்றால் அது ஒரு முகவரி. எங்களுக்கு ரோட்டில் யாரும் குடியிருப்பதில்லை, ரோடு கடந்து போகத்தான். அதனால்தான் அதற்கென்று ஒரு பெயர் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் நன்றாகச் சுருக்குவார்கள். பாளையங்கோட்டை பாளை, அம்பாசமுத்திரம் அம்பை, திருச்செந்தூர் செந்தூர். "அம்பை ரோடு" என்று சொன்னால் போதும், அம்பாசமுத்திரம் ரோடு என்று முழுசாகச் சொன்னால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இன்னும் கூடுதல் அக்கறையோடு வழி சொல்வார்கள்.

நீங்கள் குடியிருக்கும் இடத்தின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கே.டி.சி. என்பது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1997இல் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸிலிருந்து கட்டபொம்மன் பெயர் போனது, உங்கள் நகரில் மட்டும் மூன்று எழுத்தாகத் தங்கிவிட்டது. அந்தக் கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட கயத்தாறு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் இதே மதுரை ரோட்டில்தான் இருக்கிறது.

கடைசியாக, உங்களுக்கு உடனே உதவக்கூடியது. அடுத்த முறை வீட்டுக்கு யாரையாவது வரச் சொல்லும்போது என்.எச். எண்ணைச் சொல்லாதீர்கள். மதுரையிலிருந்து காரில் வருபவரிடம், "ஃபோர் வேயிலேயே வாங்க, தாழையூத்துல ஊருக்குள்ள திரும்பிடாதீங்க, தூத்துக்குடி ரோடு குறுக்க வர்ற பாலத்துல எறங்குங்க, அங்கன நின்னு போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். ஜங்ஷனிலிருந்து பஸ்ஸில் வருபவரிடம், "தூத்துக்குடி ரோட்டுல போற வண்டியா பாத்து ஏறுங்க, கே.டி.சி. நகர் நிக்குமான்னு மட்டும் கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க" என்றால் போதும். இருவரும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.